22 கிலோவாட்னு எழுதியிருந்துச்சு, நம்பிட்டேன்

2024 ஜூலை 8, திங்கக்கிழமை விடியக்காலை அஞ்சரை மணி இருக்கும், ஏசி சத்தம் நின்னதுலதான் நான் முழிச்சேன். பெரில் புயல் மட்டகோர்டா பக்கம் கரையேறி ஹூஸ்டனைப் பாத்து வந்துட்டு இருந்துச்சு. கேட்டகரி 1 தானே, சாயங்காலம் கரண்ட் வந்துரும்னு நெனச்சுதான் முந்தின நாள் இட்லிக்கு வேற ஆட்டி வச்சிருந்தேன். ஹூஸ்டன் சுத்துவட்டாரத்துல மட்டும் 22 லட்சம் கனெக்‌ஷனுக்கு மேல போயிடுச்சு, எங்க வீட்டுக்கு வந்தது சனிக்கிழமை மத்தியானம். நாங்க இருக்கிறது பியர்லாந்து, மீனாட்சி கோயில்லேர்ந்து பத்து நிமிஷம். வீட்டுக்காரர் அப்ப சென்னையில, மாமாவுக்கு பைபாஸ். இங்க நானும் பத்து வயசுப் பையனும், ஊர்லேர்ந்து வந்திருந்த 71 வயசு அம்மாவும். அம்மாவுக்கு இன்சுலின். புயல் போனதும் அடிச்ச வெயில் இருக்கே, வீட்டுக்குள்ள நின்னா ஆவி கட்டின மாதிரி இருக்கும். ரெண்டாவது நாள் மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் கதவு வழியா வழிஞ்சுது, இன்சுலினை ஐஸ் பெட்டியில போட்டு, ஐஸுக்கு ஒவ்வொரு பெட்ரோல் பங்கா அலைஞ்சேன். ஐஸ்ல நேரா பட்டா இன்சுலின் உறைஞ்சு வீணாப் போயிடும்னு துண்டுல சுத்தி சுத்தி வைக்கணும். மூணாவது நாள் ராத்திரி அம்மா ஒண்ணும் சொல்லாம கார்போர்டு அட்டையால பேரனுக்கு விசிறிட்டு இருந்தாங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன், ஜெனரேட்டர் போட்டே ஆகணும்னு.

இத எழுதுறதே, அந்த முடிவுக்கு அப்புறம் நான் பட்ட பாடு வேற யாரும் படக் கூடாதுன்னுதான். அஞ்சு மாசம், கிட்டத்தட்ட 5,000 டாலர் கூடுதல் செலவு, நடுவுல ஒரு நாள் கராஜ்ல உக்காந்து அழுகை. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பாக்குறவ, எலக்ட்ரிக்கல் பத்தி ஒண்ணுமே தெரியாது. ஆனா இப்ப என் வீட்டு ஏசி கம்ப்ரசர் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அந்த நிலைமைக்கு வந்துட்டேன்.

புயலுக்கு அப்புறம் ஜெனரேட்டர் விக்கிறவங்களுக்கு அடிச்சது யோகம். ஜூலை கடைசியில மூணு பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க. முதல்ல வந்தவர் கேட்ட கேள்வி ரெண்டுதான். வீடு எத்தனை ஸ்கொயர் ஃபீட், உங்க ஹஸ்பண்ட் எப்ப இருப்பாரு. 2,600ன்னு சொன்னேன், அப்படின்னா 22 கிலோவாட் மெஷின், 200 ஆம்ப் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் (கரண்ட் போனா வீட்டை தானா ஜெனரேட்டர் பக்கம் மாத்துறது), கரண்ட் போன பத்து செகண்ட்ல முழு வீடும் ஓடும், நீங்க எதையும் தொடவே வேண்டாம்னாரு. பெர்மிட், பிளம்பிங், கான்கிரீட் பேட் எல்லாம் சேத்து 13,800. ரெண்டாவது ஆள் ஒவ்வொரு பிரேக்கரா எழுதிக்கிட்டு, ஏசி ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் இருந்தாரு, 17,000 சொன்னாரு. எனக்கு அவர் மேல சந்தேகம் வந்துச்சு, எதையாவது கண்டுபிடிச்சு விலைய ஏத்தத்தான் இவ்வளவு நேரம் எடுக்குறாருன்னு. மூணாவது ஆள் கொட்டேஷனே அனுப்பல. ஆகஸ்ட்ல முதல் ஆளுக்கே 5,520 அட்வான்ஸ் குடுத்தேன். வீட்ல லோடு என்ன, அதாவது எது எது எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு கணக்குப் பாக்காம, பரப்பளவை மட்டும் கேட்டுட்டு சைஸ் சொல்ற ஆளை வாசல்லயே அனுப்பிடுங்க, அந்த 5,520ல நான் கத்துக்கிட்டது இதுதான். கேஸ் அடுப்பும் கேஸ் வாட்டர் ஹீட்டரும் வச்ச 2,600 ஸ்கொயர் ஃபீட் வீடும், எல்லாமே எலக்ட்ரிக்கா எலக்ட்ரிக் கார் சார்ஜரோட இருக்கிற 2,600 ஸ்கொயர் ஃபீட் வீடும் ஒண்ணாகுமா?

எச்.ஓ.ஏ., அதான் எங்க குடியிருப்போட வீட்டுக்காரங்க சங்கம், அவங்ககிட்ட பிரச்சனை வரும்னு பயந்தேன், அது சுலபமா முடிஞ்சுது. டெக்சஸ்ல 2015லேர்ந்தே சட்டம் இருக்கு, பிராப்பர்ட்டி கோட் 202.019, நிரந்தரமா வைக்கிற ஸ்டாண்ட்பை ஜெனரேட்டரை எச்.ஓ.ஏ. ஒரேயடியா தடுக்க முடியாது, எங்க வைக்கணும், எப்படி மறைக்கணும்னு மட்டும் நியாயமா சொல்லலாம். ரோட்லேர்ந்து தெரியாம வேலி போடச் சொன்னாங்க, போட்டேன், அவ்வளவுதான்.

செப்டம்பர்ல பேட் போட்டு மெஷினை இறக்கிட்டாங்க. அக்டோபர்ல டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் மாட்டி வயரிங்கும் முடிச்சு, சிட்டி இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூப்பிட்டாங்க. இன்ஸ்பெக்டர் வயசானவர், அவசரமே இல்லாத மனுஷன். மெஷின் பக்கம் போய் டேப் வச்சு ஜன்னல் வரைக்கும் அளந்தாரு. பிரேக்கர் எல்லாம் இருக்கிற மெயின் பேனல் மூடியைக் கழட்டச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்தாரு. அப்புறம் நிமிர்ந்து, லோடு கால்குலேஷன் எங்கன்னு கேட்டாரு. கம்பெனியிலேர்ந்து வந்திருந்த பையன் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன். கடைசியில மூணு குறை எழுதி செவப்பு சீட்டு ஒட்டிட்டுப் போயிட்டாரு. அன்னிக்குத்தான் கராஜ்ல உக்காந்து அழுதது. மெஷின் கண்ணு முன்னாடி நிக்குது, முக்காவாசிப் பணம் குடுத்தாச்சு, புயல் சீசன் நவம்பர் கடைசி வரைக்கும் இருக்கு, வீட்டுக்காரர் ஃபோன்ல நான் வரட்டுமான்னு கேக்குறாரு, வந்து இவரு மட்டும் என்ன பண்ணப் போறாருன்னு எனக்குக் கோவம்.

மூணு குறைல ரெண்டு சின்னது, அதை முதல்ல சொல்லிடுறேன். ஒண்ணு, கெஸ்ட் ரூம் ஜன்னலுக்கும் மெஷினுக்கும் நடுவுல மூணரை அடிதான் இருந்துச்சு. திறக்கிற ஜன்னல், கதவு, வென்ட் எதுவா இருந்தாலும் அஞ்சு அடியாவது தள்ளி இருக்கணும், புகையில கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே இருக்காது. அந்த ரூம்லதான் அம்மா படுத்திருந்தாங்க. நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. பேட்டைப் பேத்து ஏழு அடி தள்ளிப் போட 650 டாலர் என் தலையில கட்டினாங்க, எங்க வைக்கணும்னு "கஸ்டமர்தான் காட்டினாங்க"ன்னு பேப்பர்ல எழுதி வச்சிருந்தாங்க. ஆமா, நான்தான் கை காட்டினேன், ரோஜாச் செடியை எடுக்க மனசு வரல. அளந்து பாக்க வேண்டியது யாரு?

ரெண்டாவது குறை நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போற வயர்) கிரவுண்டும் (நம்ம ஊர்ல எர்த்னு சொல்றது). நியூட்ரலையும் கிரவுண்டையும் ஒண்ணா சேக்கிறது ஒரே ஒரு எடத்துலதான் இருக்கணும், வீட்டுக்கு வர்ற கரண்டை முதல்ல நிறுத்துற ஸ்விட்ச்ல. இவ்வளவு நாள் அது என் மெயின் பேனல். இப்ப பேனலுக்கு முன்னாடி, மீட்டருக்குப் பின்னாடி டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் வந்து உக்காந்துடுச்சு, அப்ப முதல் ஸ்விட்ச் அதுதானே. பழைய பேனல் சப் பேனல் ஆயிடுது, அங்க நியூட்ரல் தனி, கிரவுண்ட் தனியா பிரிச்சு, நடுவுல நாலு வயர் ஓட்டணும். இவங்க மூணு வயர்ல அப்படியே விட்டுட்டாங்க. விளக்கு எரியும், ஏசி ஓடும், ஒண்ணுமே தெரியாது, ஆனா நியூட்ரல்ல போக வேண்டிய கரண்ட் கிரவுண்ட் வயர்லயும் திரும்பிப் போயிட்டு இருக்கும். இதுக்கு மட்டும் என்கிட்ட காசு கேக்கல, அவங்க தப்புன்னு அவங்களுக்கே தெரியும். பழைய பேனல்ல எல்லா வெள்ளை வயரும் வெறும் செம்பு வயரும் ஒரே பட்டையில கலந்து கிடக்கும், அதைப் பிரிக்க ஒரு நாள் முழுக்க ஆச்சு. கொட்டேஷன்ல இந்த வேலை தனி வரியா இருக்கான்னு பாருங்க.

மூணாவதுதான் பெரிய தலைவலி, சைஸ். அமெரிக்காவுல வீட்டு வயரிங்குக்கு நேஷனல் எலக்ட்ரிக்கல் கோட்னு ஒரு புத்தகம், மூணு வருஷத்துக்கு ஒரு பதிப்பு, நான் மெஷின் போட்டப்ப டெக்சஸ்ல நடைமுறையில இருந்தது 2023 பதிப்பு, 2023 செப்டம்பர் 1லேர்ந்து. அதுல 702வது ஆர்ட்டிகிள் வீட்டு ஸ்டாண்ட்பை ஜெனரேட்டருக்கு. 702.4 சொல்றத என் பாஷையில சொல்றேன். கரண்ட் போனா நீங்களே வெளிய போய் கையால ஸ்விட்சைத் திருப்புறதா இருந்தா, எந்த சைஸ் மெஷினும் வச்சுக்கலாம், எதை ஓட்டணும்னு நீங்க பாத்து பாத்து போட்டுக்குவீங்க. ஆனா தானா மாறுற ஸ்விட்ச் வச்சா, அந்த ஸ்விட்ச் எவ்வளவு லோடை மெஷின் தலையில தூக்கிப் போடுதோ அவ்வளவையும் மெஷின் தாங்கணும். ஆள் இல்லாத நேரத்துல நடுராத்திரி மாறும், அப்ப டிரையரும் கார் சார்ஜரும் ஏசியும் ஒண்ணா ஓடிட்டு இருந்தா யார் போய் நிறுத்துறது? இல்லேன்னா லோடு மேனேஜ்மென்ட், அதாவது எது ஓடலாம் எது நிக்கணும்னு தானா பாத்துக்கிற கருவி வச்சு, அது ஒரே நேரத்துல எவ்வளவு சேர விடுமோ அதுக்கு மட்டும் மெஷின் இருந்தா போதும். விதி இவ்வளவுதான். இதை எனக்கு ஆகஸ்ட்ல யாராவது சொல்லியிருந்தா!

இன்ஸ்பெக்‌ஷன்ல அடி வாங்கினதும் கம்பெனி என்ன சொன்னாங்க தெரியுமா, 26 கிலோவாட் மெஷினா மாத்திக்கோங்க, 3,400 கூடுதல், பிரச்சனை தீந்துடும்னு. கையெழுத்துப் போடப் போனவ ஒரு ராத்திரி மட்டும் டைம் கேட்டேன். அன்னிக்கு டைனிங் டேபிள்ல பழைய பில் பின்னாடி கணக்குப் போட உக்காந்தேன், அம்மா எதிர்ல முருங்கைக்கீரை ஆஞ்சுகிட்டு இருந்தாங்க. ஏசி ஸ்டிக்கரைப் பாக்க டார்ச்சோட வெளிய போனா, கண்டன்சர் அடியில நெருப்பெறும்புப் புத்து, கால்ல ஏறி கடிச்சு வச்சுடுச்சு. வெயில்ல வெளுத்துப் போன ஸ்டிக்கர், ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து பெருசு பண்ணித்தான் படிக்க முடிஞ்சுது. கீழ் மாடி 4 டன் கம்ப்ரசர், ஆர்.எல்.ஏ. 19.9, எல்.ஆர்.ஏ. 109. முதல் நம்பர் ஓடும்போது இழுக்கிறது, ரெண்டாவது நம்பர் ஸ்டார்ட் ஆகுற அந்த ஒரு நொடி இழுக்கிறது. அஞ்சு மடங்குக்கு மேல!

அந்த 2023 பதிப்புல 220.82ன்னு ஒரு குறுக்கு வழிக் கணக்கு இருக்கு, வீட்டுக்கு அதுதான் சுலபம். ஸ்கொயர் ஃபீட்டுக்கு 3 வாட் வீதம் 7,800, கிச்சன் பிளக் சர்க்யூட் ரெண்டுக்கு 3,000, லாண்டரிக்கு 1,500. அதோட ஸ்டிக்கர்ல இருக்கிறபடி எலக்ட்ரிக் ஓவன் 5,000, டிரையர் 5,500, டிஷ்வாஷர் 1,200, சிங்க் டிஸ்போசல் 800, மைக்ரோவேவ் 1,500, கார் சார்ஜர் 48 ஆம்ப்னா 11,520. மொத்தம் 37,820. இதுல முதல் 10,000 முழுசா எடுத்துக்கணும், மீதி 27,820க்கு 40 சதவீதம் எடுத்தா போதும், எல்லாம் ஒரே நேரத்துல ஓடாதுங்கிறதால. அது 11,128, ஆக 21,128. இதோட ஏசி மட்டும் தள்ளுபடியே இல்லாம நூத்துக்கு நூறு, கீழ 5,500, மேல 3,500, ரெண்டும் 9,000. கூட்டினா 30,128. முப்பது கிலோவாட்! என்கிட்ட இருக்கிறது 22.

அதுலயும் ஒரு ஏமாத்து. பெட்டி மேல 22ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, அது புரோப்பேன்ல ஓட்டினா. எங்க தெருவுல குழாய்ல வர்றது நேச்சுரல் கேஸ், அதுல இதே மெஷின் 19.5தான்னு ஸ்பெக் பேப்பர் ரெண்டாவது பக்கத்துல பொடி எழுத்துல இருந்துச்சு. அவங்க தலையில கட்டப் பாத்த 26ம் நேச்சுரல் கேஸ்ல 22.5தான். கார் சார்ஜரை மொத்தமா கழட்டிட்டாக்கூட என் கணக்கு 25,520 வருது, அப்பவும் பத்தாது. 3,400 குடுத்து இன்னொரு தடவை ஃபெயில் ஆகியிருப்பேன். கணக்குப் போட்ட பேப்பரைப் பாத்து நான் தலையில கை வச்சு உக்காந்திருந்தேன், அம்மா என்னடின்னு கேட்டாங்க. முப்பது வேணும், இருக்கிறது பத்தொம்போதரைன்னேன். "யானைப் பசிக்கு சோளப்பொரி"ன்னு சிரிச்சிட்டு, அடுத்ததா ஒண்ணு கேட்டாங்க பாருங்க. "எதுக்குடி எல்லாத்தையும் ஓட்டணும்? நம்ம வீட்ல இன்வெர்ட்டர் போட்டப்ப எலக்ட்ரீசியன் என்ன பண்ணான், ரெண்டு ஃபேன், நாலு லைட்டு, டிவின்னு இன்வெர்ட்டர் லைன் தனியா பிரிச்சான். கிரைண்டரும் ஹீட்டரும் அதுல வராது. அந்த மாதிரி இங்க பிரிக்க மாட்டானுங்களா?"

பன்னெண்டு மணி நேர கரண்ட் கட்டெல்லாம் பாத்த தமிழ்நாட்டு வீட்டம்மாவுக்கு கோட் புத்தகம் தேவைப்படல. லோடு மேனேஜ்மென்ட்னு கோட்ல எழுதி வச்சிருக்கிறது அம்மா சொன்ன இன்வெர்ட்டர் லைனேதான், என்ன, இது கொஞ்சம் புத்திசாலி இன்வெர்ட்டர் லைன்.

மறுநாள் கம்பெனிக்கு சம்பந்தமில்லாத ஒரு மாஸ்டர் எலக்ட்ரீசியனைப் பிடிச்சேன், 350 டாலர், லோடு கணக்கை முறையா எழுதிக் குடுக்க மட்டும். லைசென்ஸ் நம்பரை ஸ்டேட் வெப்சைட்ல போட்டுப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன், அதுவும் முதல்லயே செஞ்சிருக்க வேண்டிய வேலை. என் பேப்பரைப் பாத்துட்டு மனுஷன் சிரிச்சாரு, கணக்கு சரிதான்னாரு, எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த மாதிரி இருந்துச்சு. அவர் சொன்ன வழி இது. கார் சார்ஜர், டிரையர், ஓவன் மூணுக்கும் ஆளுக்கொரு லோடு மாட்யூல், மேல் மாடி ஏசிக்கு தெர்மோஸ்டாட்டோட 24 வோல்ட் வயரை டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் வழியா கொண்டுபோறது. ஜெனரேட்டர்ல ஓடும்போது இந்த நாலும் முதல்ல கட். மெஷின் நிதானத்துக்கு வந்ததும், தெம்பு மிச்சம் இருந்தா வரிசைப்படி ஒவ்வொண்ணா விடும், லோடு ஏறி மெஷின் திணறினா மறுபடி பிடுங்கிடும். இப்ப கணக்குல மிச்சம் இருக்கிறது 15,800. முதல் 10,000, மீதி 5,800ல 40 சதவீதம் 2,320, கீழ் ஏசி 5,500. மொத்தம் 17,820. மெஷின் 19,500. பாஸ்!

ஒண்ணு கவனிங்க, எந்த லோடை வரிசையில கடைசியா தள்ளணும்ங்கிறதை நீங்க சொல்லணும், எலக்ட்ரீசியன் முடிவுக்கு விடாதீங்க. கம்பெனிப் பையன் கீழ் ஏசியைக் கட் பண்ணி மேல் ஏசியை விடலாம், அது சின்னதுன்னு சொன்னான். அம்மாவால மாடி ஏற முடியாது, படுக்கிறது கீழ, இன்சுலின் ஃப்ரிட்ஜும் கீழ. அது அவனுக்கு எப்படித் தெரியும். மாட்யூல் எல்லாம் சேத்து 1,450. ஸ்டார்ட் ஆகுற அந்த 109 ஆம்ப்ஸுக்காக கீழ் கம்ப்ரசரை மெதுவா கிளப்புற ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர், 420. இது கோட் கேக்கல, ஆனா இல்லேன்னா கம்ப்ரசர் உதைக்கும்போதெல்லாம் லைட் மங்கும், மெஷின் உறுமும். என்னைக் கேட்டா மொத்த செலவுல இந்த 420தான் ரொம்ப நல்ல செலவு.

இத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சா, கேஸ். யாருமே இதை முன்னாடி சொல்றதில்ல. 22 கிலோவாட் மெஷின் முழு லோடுல மணிக்கு 327 கன அடி கேஸ் குடிக்கும், பாதி லோடுலயே 228. என் வீட்டுல குளிருக்கு சூடேத்துற ஃபர்னஸ் ரெண்டு, வாட்டர் ஹீட்டர், அடுப்பு எல்லாம் சேத்து ஏற்கனவே 230 கிட்ட. கூட்டினா 550க்கு மேல, மீட்டர்ல எழுதியிருந்தது 250. கோடையில தெரியாது, ஏன்னா ஃபர்னஸ் ஓடாது. 2021 பிப்ரவரி ஐஸ் புயல் மாதிரி வந்தா, ஃபர்னஸும் ஜெனரேட்டரும் ஒண்ணா கேஸ் கேக்கும், பிரஷர் விழுந்து ரெண்டும் நின்னுடும். அந்த 2021ல பைப் வெடிச்சு சீலிங் விழுந்த வீடு எங்களோடது, அதனால இந்த விஷயத்துல நான் விளையாடல. பெரிய மீட்டர் கேட்டு விண்ணப்பம் போட்டு ஏழு வாரம் காத்துக் கிடந்தேன். மெஷினுக்குப் போற பைப்பும் பத்தாது. மீட்டர்லேர்ந்து மெஷின் வரைக்கும் 60 அடி, அந்தத் தூரத்துக்கு 1 இன்ச் பைப்ல 200 கன அடி கிட்டத்தான் வரும், ஒண்ணே கால் இன்ச்னா 400 வரைக்கும். கொட்டேஷன்ல 1 இன்ச்னு போட்டிருந்தாங்க. மாத்த 1,900. ஜெனரேட்டர் வாங்குற யோசனை இருந்தா முதல் வேலையா மீட்டர் மூஞ்சியைப் பாருங்க, எத்தனை கன அடின்னு அதுலயே இருக்கும், உங்க கேஸ் சாமான் எல்லாத்து மேலயும் போட்டிருக்கிற, மணிக்கு எவ்வளவு சூடுங்கிற பி.டி.யு. நம்பரைக் கூட்டி ஆயிரத்தால வகுத்தா கிட்டத்தட்ட கன அடி வந்துடும். மீட்டர் விண்ணப்பத்தை மெஷின் ஆர்டர் பண்ற அன்னிக்கே போட்டுடுங்க, மிச்ச வேலை எல்லாம் முடிஞ்சும் நான் சும்மா உக்காந்திருந்தது இதுக்காகத்தான்.

கடைசி பில் 18,570. சொல்லவே வெக்கமா இருக்கு, 17,000 சொன்ன அந்த ரெண்டாவது ஆளோட கொட்டேஷனை அப்புறம் எடுத்துப் பாத்தேன். லோடு கணக்கு, நாலு மாட்யூல், நாலு வயர், ஒண்ணே கால் இன்ச் பைப், எல்லாமே அதுல வரிவரியா இருந்துச்சு. நான் படிக்கவே இல்ல, கடைசி நம்பரை மட்டும்தான் பாத்திருக்கேன்.

இவ்வளவு எல்லாருக்கும் வேணும்னு நான் சொல்ல மாட்டேன். கோயில்ல பழக்கமான ஒரு குடும்பம் 10 கிலோவாட் போர்ட்டபிள் ஒண்ணு வாங்கி, சுவத்துல ஜெனரேட்டர் வயரைச் சொருக ஒரு 50 ஆம்ப் இன்லெட், பேனல்ல மெயின் பிரேக்கரும் ஜெனரேட்டர் பிரேக்கரும் ஒண்ணா ஆன் ஆக விடாத ஒரு இன்டர்லாக் தகடு, வயரிங்குக்கு மட்டும் 1,500 டாலர்ல முறையா பெர்மிட்டோட முடிச்சுட்டாங்க. கையால மாத்துறது, அதனால சைஸ் தலைவலி இல்ல. வீட்ல திடகாத்திரமா ஒரு ஆள் எப்பவும் இருந்தா அதுவே தாராளம். ஆனா அதை வீட்லேர்ந்து 20 அடி தள்ளி வச்சு ஓட்டணும், மழை வருதுன்னு கராஜ்குள்ள இழுத்துட்டு வந்து ஓட்டிடாதீங்க, கதவு தொறந்திருந்தாலும் ஆபத்துதான். டிரையர் பிளக்ல ரெண்டு பக்கமும் ஆண் பிளக் வச்ச வயரைச் சொருகி ஓட்டுறவங்களையும் பாத்திருக்கேன், அது கரண்டை வெளி லைனுக்கு ஏத்தி, தெருவுல ரிப்பேர் பண்றவன் உயிருக்கு உலை வைக்கிற வேலை. எனக்கு, நான் ஆபீஸ்ல இருக்கும்போது அம்மா தனியா இருப்பாங்க, அதனால ஆட்டோமேட்டிக்தான்.

ஜனவரி நடுவுல மறு இன்ஸ்பெக்‌ஷன். அதே இன்ஸ்பெக்டர். லோடு கணக்குப் பேப்பரை நின்னுட்டே முழுசாப் படிச்சாரு, மீட்டர் பக்கத்துல ஜெனரேட்டர் எங்க இருக்குன்னு சொல்ற போர்டு இருக்கான்னு பாத்தாரு, வெளிய இருக்கிற எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தாரு. அப்புறம் மெயினை இறக்கச் சொன்னாரு. வீடு இருட்டாச்சு. ஃப்ரிட்ஜ் மொணமொணப்புகூட இல்ல. நான் வாய்க்குள்ளயே எண்ணினேன், எட்டு, ஒம்போது, வெளிய மெஷின் இருமி எடுத்துச்சு, லைட் வந்துடுச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, நாள்பட ஓடினா தினம் ஆயிலைப் பாரு, புது மெஷினுக்கு முதல் 25 மணி நேரத்துல ஆயில் மாத்துன்னு சொல்லிட்டுப் போனாரு. அந்தாளு மட்டும் அக்டோபர்ல கண்டிப்பா இல்லாம இருந்திருந்தா, அம்மா தலைமாட்டுல மூணரை அடியில அந்தப் புகை ஓடியிருக்கும்.

அடுத்த வாரமே, ஜனவரி 21, ஹூஸ்டன்ல பனி கொட்டுச்சு, தெரு பூரா வெள்ளை. பையனும் நானும் ராத்திரி முழுக்க, இப்ப போகும், இந்தா போகும்னு கரண்டுக்காகக் காத்திருந்தோம். போகவே இல்ல! 18,570 செலவு பண்ணிட்டு கரண்ட் போகலயேன்னு ஏங்கின ஒரே வீடு எங்க வீடாத்தான் இருக்கும்.

அம்மா நவம்பர்லயே ஊருக்குப் போயிட்டாங்க, ஆறு மாசம் முடிஞ்சுது. மே மாசம் ஒரு ராத்திரி இடி மழையில ஒருவழியா ரெண்டு மணி நேரம் போச்சு. மெஷின் சத்தம் கேட்டதும் முதல் காரியமா அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன், ஊர்ல காலைப் பொழுது. வெளிய போய் மழையில ஃபோனை மெஷின் பக்கம் நீட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, மேல இருக்கிற ஏசி வந்துடுச்சான்னு கேட்டாங்க. இன்னும் இல்லம்மா, அஞ்சு நிமிஷம் ஆகும்னேன். "சரி, வர வரைக்கும் ஃபோனை வைக்காத"ன்னாங்க.